எந்த சிப்புக்கு எந்த லைப்ரரி?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அதனால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு பல ஊர்களைவிடக் கூடுதல். இதை அளந்து பதிவுசெய்யும் சிறு கருவி ஒன்றைச் செய்ய உள்ளூர் மாணவர் ஒருவர் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சு சென்சார் தரும் துடிப்புகளை எண்ணுவதற்குப் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் சி-டாக் உருவாக்கிய தேஜாஸ்32 சிப் பொருத்திய ஏரீஸ் போர்டு. எண்ணிக்கையைச் சேமிக்க ராஸ்பெர்ரி பை. நிரல் எழுத வீட்டிலிருக்கும் இன்டெல் லேப்டாப். ஆக மூன்று சிப் இனங்கள்: ரிஸ்க்-ஃபைவ், ஆர்ம், எக்ஸ்86.

லேப்டாப்பில் உட்கார்ந்தபடியே மற்ற இரண்டுக்கும் நிரலைக் கம்பைல் செய்வதைத்தான் கிராஸ் கம்பைல் என்கிறார்கள். சிப்புக்கு ஏற்ற கட்டளைகளைக் கம்பைலர் சரியாகவே எழுதித் தந்துவிடும். பெரும்பாலும் தகராறு சி லைப்ரரியில்தான் வரும். திரையில் எழுத, நினைவகம் கேட்க, நேரம் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் நிரல் அதைத்தான் நம்பியிருக்கிறது. அந்த லைப்ரரியோ ஒன்றல்ல. ஜிலிப்சி, மசல், நியூலிப் என்று முக்கியமானவையே மூன்று.

டெபியன், உபுண்டு, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் ஆகியவற்றில் இருப்பது ஜிலிப்சி. உபுண்டு 22.04 லேப்டாப்பில் ஜிலிப்சி 2.35 இருக்கும். டெபியன் 11-ஐ அடிப்படையாகக் கொண்ட பையில் 2.31. லேப்டாப்பில் கட்டிய நிரலைப் பையில் ஓட்டினால், ‘ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். நிரலில் புதிய வசதி எதையும் பயன்படுத்தவில்லையே என்று மாணவர் குழம்புவார். ஜிலிப்சியில் ஒவ்வொரு செயல்கூறுக்கும் பதிப்பு முத்திரை உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல், நிரலைத் தொடங்கிவைக்கும் செயல்கூறுக்கே புதிய முத்திரை குத்தப்பட்டது. அதனால் வணக்கம் சொல்லும் நான்கு வரி நிரல்கூடப் பழைய பையில் ஓடாது. பழைய நிரல் புதிய ஜிலிப்சியில் ஓடும், புதியது பழையதில் ஓடாது என்பதுதான் இங்கே விதி. ஆகவே, பையில் உள்ள அதே பதிப்பு டெபியனை ஒரு டாக்கர் கன்டெய்னரில் வைத்து அதற்குள் கட்டுவது நல்லது. ஜிக் கம்பைலரில் இன்னும் எளிது: எந்த ஜிலிப்சி பதிப்புக்குக் கட்ட வேண்டும் என்று இலக்கின் பெயரோடு சேர்த்தே சொல்லிவிடலாம்.

மசல், ஆல்பைன் லினக்ஸிலும் ஓபன்டபிள்யுஆர்டி ரவுட்டர்களிலும் இருப்பது. இதை நிரலுக்குள்ளேயே சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால், அதே சிப் இனத்தில் ஓடும் எந்த லினக்ஸிலும் வேலைசெய்யும். பதிப்புச் சண்டையே வராது. 2020-இல் வந்த மசல் 1.2.0, 32 பிட் சிப்புகளிலும் நேரத்தை 64 பிட்டில் வைக்கத் தொடங்கியது. எனவே 2038 ஜனவரியில் வரவிருக்கும் தேதிக் கோளாறும் இல்லை. ஆனால் புதிய த்ரெட் ஒவ்வொன்றுக்கும் மசல் ஒதுக்கும் ஸ்டேக் 128 கேபிதான்; ஜிலிப்சியில் இது வழக்கமாக 8 எம்பி. லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய நிரல் மசலில் திடீரென்று விழுந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மசலில் இன்னொரு குறை, அதுவும் பெரிய குறை, இருக்கிறது. மொழிக்கேற்ற அகரவரிசை அதில் கிடையாது. யூனிகோடு எண் வரிசைப்படியே அடுக்கும். யூனிகோடில் ‘ள’ முந்தி, ‘ழ’ பிந்தி. அளவெடுத்த ஊர்களை வரிசைப்படுத்தினால் குளச்சல் முதலிலும் குழித்துறை அடுத்தும் வரும். நம் அகராதி முறையோ நேர்மாறு. தமிழ் லொக்கேல் நிறுவிய ஜிலிப்சி குழித்துறையை முதலில் வைக்கும். ஊர்ப்பட்டியலோ பெயர்ப்பட்டியலோ அடுக்கும் நிரலாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஜிலிப்சி பக்கம் போகலாம்.

ஏரீஸ் போர்டில் தேர்வுக்கு அதிகம் இடமில்லை. தேஜாஸ்32-இல் இருப்பது 256 கேபி நினைவகம். லினக்ஸுக்கு அது போதாது. அதனால் லினக்ஸ் இல்லாமலே இயங்கும் நியூலிப்தான். தசம எண்ணை அச்சிடச் சொன்னால் வெற்றிடம் மட்டும் வருகிறதா? இடத்தை மிச்சம்பிடிக்கும் நானோ பதிப்பில் தசம அச்சு முன்னிருப்பாக அணைந்திருக்கும். லிங்கருக்குத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். இந்தச் சிப்பில் தசமக் கணக்குக்கென வன்பொருளும் இல்லை. துடிப்பு எண்ணிக்கையை முழு எண்ணாகவே பைக்கு அனுப்பிவிட்டு, வகுத்தலை அங்கே வைத்துக்கொள்வதே மேல். சென்னை ஐஐடியின் சக்தி வரிசையில் சி-கிளாஸ் போன்ற 64 பிட் சிப் என்றால் லினக்ஸே ஓடும். அங்கே மறுபடியும் ஜிலிப்சியா மசலா என்ற கேள்விதான்.

எல்லாப் பழியையும் லைப்ரரி மேல் போட்டுவிடவும் கூடாது. சென்சார் பழுது என்பதற்கு அடையாளமாக மாணவர் -1 என்ற ஒரு பைட்டை அனுப்புகிறார். நிரல் அதை ‘சார்’ மாறியில் வாங்குகிறது. இன்டெலில் அது -1 ஆகவே இருக்கும். ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் சாருக்குக் குறி கிடையாது, ஆகவே 255 ஆகிவிடும். பழுதான சென்சார், கதிர்வீச்சு எகிறிவிட்டதாகக் காட்டும்! குறியுள்ள வகை என்று நிரலிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டால் மூன்று சிப்பிலும் ஒரே விடை கிடைக்கும்.

பைக்கு அதில் உள்ள அதே பதிப்பு ஜிலிப்சி, போர்டுக்கு நியூலிப்: இந்தக் கருவிக்கு இதுவே பொருத்தம். பல ஊர்களில் பல வகை லினக்ஸ் பெட்டிகளுக்கு ஒரே நிரலை அனுப்புவதென்றால் மட்டும் மசல். கோப்பு கண்ணெதிரே இருந்தும் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று லினக்ஸ் சொன்னால், லைப்ரரியை நிரலோடு இணைக்கும் லோடர், நிரல் தேடும் இடத்தில் இல்லை என்று அர்த்தம். எந்த லோடர் என்பதை ‘ஃபைல்’ கட்டளையே காட்டிவிடும். நிரலில் கை வைக்கும் முன் அந்தக் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.