மனத்திற்கும் ஒரு பயிற்றுநர்

2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி தொடங்கியது. ஒரு பக்கம், நடப்பு உலக வெற்றியாளரான சீனாவின் டிங் லிரென். மறுபக்கம், சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் குகேஷ். மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் குகேஷ் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். சதுரங்கத்தில் முதலில் காய் நகர்த்துபவருக்குச் சற்றுச் சாதகம் உண்டு. ஆயினும், அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல் அடியே சறுக்கினால் எவருக்கும் மனம் தளரத்தானே செய்யும்? குகேஷ் தளர்ந்துவிடவில்லை. மூன்றாம் ஆட்டத்தில் வென்று புள்ளிகளைச் சமன் செய்தார். அடுத்த ஏழு ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. 11ஆம் ஆட்டத்தில் வென்று முன்னிலைக்கு வந்தார். அடுத்த ஆட்டத்திலேயே தோற்று அந்த முன்னிலையை இழந்தார். டிசம்பர் 12ஆம் நாள் நடந்த கடைசி ஆட்டமும் சமநிலையில் முடியும் என்றே பலர் எண்ணினர். குகேஷ் மட்டும் பொறுமையாகத் தொடர்ந்து ஆடினார். 55ஆம் நகர்த்தலில் டிங் தவறு செய்தார். குகேஷ் அதை உடனே பயன்படுத்திக்கொண்டார். 7.5க்கு 6.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்று, உலக வெற்றியாளரானார். 1985இல் 22 வயதில் பட்டம் வென்ற கேரி காஸ்பரோவின் சாதனையும் முறியடிக்கப்பட்டது.

குகேஷுக்கு ஆட்ட நுணுக்கங்களில் உதவ ஒரு குழு இருந்தது. அதைத் தவிர, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பேடி அப்டனின் துணையையும் அவர் நாடியிருந்தார். அப்டன் சதுரங்க வல்லுநர் அல்லர், மனப்பயிற்றுநர். 2011இல் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியுடனும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஆடவர் ஹாக்கி அணியுடனும் பணியாற்றியவர். காய் நகர்த்தச் சொல்லித்தராத ஒருவர், சதுரங்க வீரருக்கு வேறு எதைக் கற்றுத்தர முடியும்?

மனப்பயிற்றுநரின் பணி

"பயப்படாதே, உன்னால் முடியும்!" என்று தட்டிக்கொடுப்பதே மனப்பயிற்றுநரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பயப்படாதே என்று சொன்னவுடன் பயம் போய்விடுவதில்லை. முக்கியமான போட்டிக்கு முன் இதயம் வேகமாகத் துடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும். இது கோழைத்தனமன்று. பெரிய செயலுக்கு உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்பதற்கான அறிகுறி. பல ஆண்டுகள் பழகிய வீரர்களுக்கும் இது நேர்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பதற்றம் மிகும்போது கவனம் ஆட்டத்தைவிட்டு விலகிவிடும். "சற்றுமுன் அப்படிச் செய்துவிட்டேனே!" என்று அது முடிந்துபோனதை நோக்கி ஓடும், அல்லது, "தோற்றால் எல்லாரும் என்ன சொல்வார்கள்?" என்று இன்னும் வராத முடிவை நோக்கி ஓடும். இரண்டும் வீரரின் கையில் இல்லாதவை. அவர் கையில் இருப்பது அடுத்த நகர்த்தல் மட்டுமே. அங்குமிங்கும் ஓடும் கவனத்தை அந்த அடுத்த நகர்த்தலுக்குத் திருப்பிக் கொண்டுவரப் பழக்குவதே மனப்பயிற்றுநரின் முதன்மையான பணி.

முதல் ஆட்டத்தில் தோற்ற பிறகு, முன்னாள் உலக வெற்றியாளர் விஸ்வநாதன் ஆனந்தை மின்தூக்கியில் சந்தித்ததாகக் குகேஷ் பின்னர் கூறினார். ஆனந்தும் 2010ஆம் ஆண்டு உலகப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றவர். பிறகு மீண்டு வந்து பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டவர். அந்தப் போட்டியில் மொத்தம் 12 ஆட்டங்களே. தமக்கு 11 ஆட்டங்கள்தான் மீதமிருந்தன, குகேஷுக்கோ 13 ஆட்டங்கள் இருக்கின்றன என்று ஆனந்த் அவருக்கு நினைவூட்டினாராம். அந்தச் சில சொற்கள் குகேஷின் கவனத்தை இழந்ததிலிருந்து எஞ்சியிருப்பதற்குத் திருப்பின. மனப்பயிற்சி செய்ய முயல்வதும் இதைத்தான்.

மூன்று எளிய வழிகள்

மனப்பயிற்றுநர்கள் பல வழிகளைக் கையாள்கிறார்கள். அவற்றுள் முதலாவது, மூச்சுப் பயிற்சி. மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக வெளியிடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. உடல் அமைதி அடைகிறது.

இரண்டாவது, வழக்கமான சிறு செயல்கள். டென்னிஸ் வீரர் பந்தை அடிப்பதற்கு முன் அதைச் சிலமுறை தரையில் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குகேஷ் ஆட்டம் தொடங்கும் முன் கண்களை மூடி அமர்ந்திருப்பார். எந்த அரங்காக இருந்தாலும், எதிரில் யார் இருந்தாலும், அந்தச் செயல் மாறாது. "இது எனக்குப் பழக்கமான இடம்தான்" என்று அது மனத்திற்கு உணர்த்துகிறது.

மூன்றாவது, மனக்காட்சிப் பயிற்சி. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் ஃபெல்ப்ஸ். அவருடைய பயிற்றுநர் பாப் போமன், போட்டி முழுவதையும் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கும்படி அவரைப் பழக்கியிருந்தார். எல்லாம் நன்றாக நடப்பதை மட்டுமன்றி, இடையில் ஏதேனும் தவறாகப் போனால் என்ன செய்வது என்பதையும் ஃபெல்ப்ஸ் எண்ணிப் பார்த்திருந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சல் போட்டியில், அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் எதிரில் உள்ள சுவர்கூடத் தெரியவில்லை. அவர் பதறவில்லை. எத்தனை முறை கைவீசினால் சுவரைத் தொடலாம் என்று அவருக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே நீந்தினார், உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார்.

இவ்வழிகள் எளியவை. ஆனால், போட்டி நாளன்று முதன்முறையாகச் செய்து பார்த்தால் அவை கைகொடுக்கா. ஓட்டத்தையும் நீச்சலையும் போலவே இவற்றையும் நாள்தோறும் பழக வேண்டும். அடிமேல் அடி அடித்தால்தானே அம்மியும் நகரும்?

அறிந்துகொள்ள வேண்டிய எல்லைகள்

மனப்பயிற்சி மந்திரமன்று. பெய்ஜிங்கில் ஃபெல்ப்ஸைக் காப்பாற்றிய எண்ணிக்கை, ஆண்டுக்கணக்கில் நீந்திப் பெற்றது. திறனை வளர்த்துக்கொள்ளாதவருக்கு மன உறுதி மட்டும் வெற்றியைத் தேடித் தராது.

மேலும், மனப்பயிற்றுநர் மருத்துவர் அல்லர். ஆட்டத்தில் கவனம் சிதறுவது வேறு. மனம் நலிந்துபோவது வேறு. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், அமெரிக்கச் சீருடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் சுழலும்போது தம் உடல் இருக்கும் நிலையை உணர முடியாமல் தவித்தார். தொடர்ந்தால் கடுமையாகக் காயமடைய நேரிடும் என்பதால், பல போட்டிகளிலிருந்து விலகினார். சிலர் அவரைக் குறைகூறினர். அவரோ தமக்கு உதவி தேவை என்பதை மறைக்கவில்லை. மனநல ஆலோசனை பெற்று, ஓய்வெடுத்து, மீண்டும் பயிற்சியில் இறங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். உதவி கேட்பது பலவீனம் என்று எண்ணுவோருக்கு அவர் வாழ்க்கையே விடை.

நமக்கும் உதவுமா?

மாணவர்களே, நீங்கள் ஒலிம்பிக்கிற்குச் செல்லாமல் இருக்கலாம். ஆனால், தேர்வு மண்டபத்திலும் பேச்சுப் போட்டி மேடையிலும் பள்ளி விளையாட்டுத் திடலிலும் இதே பதற்றத்தைச் சந்திக்கிறீர்கள். தேர்வின் முதல் கேள்விக்கே விடை தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பேச்சின் நடுவே ஒரு வரி மறந்துபோனால் எங்கிருந்து தொடர்வீர்கள்? இவற்றை வீட்டிலேயே எண்ணிப் பார்த்து ஒத்திகை செய்துகொள்ளுங்கள். அந்நிலை உண்மையிலேயே வரும்போது, ஒருமுறை நிதானமாக மூச்சுவிட்டு அடுத்த கேள்விக்கு, அடுத்த வரிக்குச் செல்லுங்கள். கவலையால் பல நாள் தூக்கமோ பசியோ கெட்டால், அதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லுங்கள்.

சிந்தித்து விடையளிக்க

1. பதற்றம் மிகும்போது வீரரின் கவனம் எந்த இரண்டு திசைகளில் ஓடுகிறது?
2. ஆனந்த் கூறியது குகேஷுக்கு எவ்வாறு உதவியிருக்கும்?
3. தவறாக நடக்கக்கூடியவற்றையும் எண்ணிப் பார்ப்பது மனத்தைத் தளரச் செய்யுமா, உறுதிப்படுத்துமா? ஃபெல்ப்ஸின் அனுபவத்தைக் கொண்டு விளக்குக.
4. போட்டியிலிருந்து விலகிய பைல்ஸின் முடிவு சரியானதா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.