ஏரிக்கரை மண்ணில் வண்டி லிப்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐப்பசி பிறந்தால் ஆரம்பாக்கத்தில் மெக்கானிக்கின் பள்ளம் கிணறாகிவிடுகிறது. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்ப்பதற்காக வெட்டி, சுவர் எழுப்பி, பூசி வைத்த பள்ளம்தான். மழை இரண்டு நாள் பிடித்தால் மூட்டுகளில் கசிந்து, மூன்றாம் நாள் முழங்கால் அளவுக்கு நிற்கும். பழவேற்காடு ஏரி அவ்வளவு பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தை நனைத்த நாட்களில் மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர்.

ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மீனும் இறாலும் நண்டும் ஏற்றிச் சென்னைக்கு ஓடும் 'குட்டி யானை' மினி லாரிகளைப் பழுது பார்க்கும் தம்பி ஒருவர், அந்தப் பள்ளத்தை மூடிவிட்டு வீட்டை ஒட்டிய கொட்டகையில் இரட்டைத் தூண் லிப்ட் வைக்கப்போவதாகச் சொன்னார். "தரை ஏற்கெனவே கான்கிரீட்தாண்ணே. தூணுக்கு நாலு போல்ட் அடிச்சா வேல முடிஞ்சது." அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தூக்கிய வண்டிக்குக் கீழே தலையைக் கொடுத்து நிற்கப்போகிறவர் அவர். அவரிடமும் அவருடைய மேஸ்திரியிடமும் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்கள் சொன்னவை அவர்கள் இருவருடைய நம்பிக்கைகள் மட்டும் அல்ல. பல ஊர்களில் கேட்டிருக்கிறேன்.

"வண்டியோட எடை கீழதானே இறங்குது?"

மற்ற எல்லாத் தவறும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. 1925இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்பவர் முதல் ஹைட்ராலிக் வண்டி லிப்டைச் செய்தார். முடிதிருத்தும் கடை நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் மண்ணுக்குள்ளிருந்து ஒற்றைத் தண்டு எழும்பி வண்டியைத் தூக்குகிறதே, அது அந்த வழியில் வந்தது. அதில் எடை நேராகக் கீழேதான் இறங்கும்.

இரட்டைத் தூண் லிப்ட் வேறு சாதி. வண்டி நிற்பது தூணின் தலையில் அல்ல. தூணிலிருந்து உள்பக்கமாக நீளும் கைகளின் நுனியில். 1,600 கிலோ ஜீப் ஒன்றை ஏற்றினால் தூணுக்கு 800 கிலோ. தூணின் அடித்தகட்டின் உள்விளிம்பிலிருந்து அந்தச் சுமை 60 செ.மீ. தள்ளி நிற்கிறது, வெளிப்பக்க போல்ட்டுகள் அதே விளிம்பிலிருந்து 35 செ.மீ. தள்ளி இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாறையால் கல்லை நெம்பும் கணக்குதான்: 800ஐ 60ஆல் பெருக்கி 35ஆல் வகுத்தால் 1,371 கிலோ. தூணின் சொந்த எடையைக் கழித்தாலும், வெளிப்பக்க போல்ட்டுகளை ஒரு டன்னுக்கு மேலான இழுவிசை மேல்நோக்கிப் பிடுங்கிக்கொண்டிருக்கும். வண்டி தொங்குகிற ஒவ்வொரு நிமிஷமும்.

ஆக, லிப்டைத் தாங்குவது தரையின் கடினம் மட்டும் அல்ல, போல்ட்டின் மேல் கான்கிரீட்டுக்கு இருக்கும் பிடியும்தான். அந்தப் பிடி விடும்போது பெரும்பாலும் போல்ட் அறுவதில்லை. தன்னைச் சுற்றிய கான்கிரீட்டைக் கூம்பு வடிவத்தில் பெயர்த்துக்கொண்டு வெளியே வருகிறது. இந்தக் கூம்பின் அளவு போல்ட் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 3 அங்குல ஆழத்தை 4 ஆக்கினால் பிடி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆனால் கான்கிரீட்டின் பலத்தை இரண்டு மடங்காக்கினாலும் பிடி 1.4 மடங்குதான் ஏறும். "ஒரு மூட்டை கூடப் போட்டுக்கலாம்" என்று மெல்லிய தரையைச் சமாதானம் செய்ய முடியாது என்பது இதனால்தான்.

தம்பியின் தரையில் மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்தோம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஹாமர் டிரில்லும் வளைத்த கம்பித் துண்டும் போதும். இரண்டரை அங்குலத்தில் சாம்பல் தூள் நின்று, துரப்பணத்தோடு கறுப்பு ஈரமணல் வந்தது, சிப்பித் துணுக்குகளோடு. இரட்டைத் தூண் லிப்டுகளுக்குக் குறைந்தது 4 அங்குலம், எடை கூடக்கூட அதற்கு மேல் கேட்பார்கள். கான்கிரீட்டின் பலம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 21 மெகாபாஸ்கல் என்பது பரவலான குறைந்தபட்ச அளவு. வாங்கும் லிப்டின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. அதைப் படிக்காமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது.

"மேல மூணு இஞ்ச் போட்டா அஞ்சரை ஆயிடும் சார்"

மேஸ்திரி சொன்னது. கணக்கில் ஆகும், தரையில் ஆகாது. ஆயில் குடித்த பழைய தரைமேல் ஊற்றும் புதுக் கலவை அதோடு ஒட்டி ஒரே கல்லாக மாறுவதில்லை. தோசைமேல் தோசை மாதிரிதான் கிடக்கும். போல்ட்டை இழுத்தால் மேல் தோசை தனியாக எழும். தூண்கள் நிற்கும் இடத்தைக் கட்டரால் அறுத்து, பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் வழி.

இரண்டு தூணுக்கும் தனித்தனித் திட்டு போடுகிறவர்கள் உண்டு. இந்த மண்ணில் இரண்டையும் சேர்த்த ஒரே பலகைதான் நல்லது என்பது என் எண்ணம். பல இடங்களில் மேலே மணல், அடியில் களி. ஒரு திட்டு கொஞ்சம் அமிழ்ந்தாலும் தூண் சாயும். ஒரே பலகையாக இருந்தால் இரண்டு தூணும் உள்நோக்கிச் சாயப் பார்க்கும் விசையை அது தனக்குள்ளேயே ஈடு செய்துகொள்ளும். 4.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 30 செ.மீ. கனம் என்று எடுத்தால் பலகை மட்டும் நாலரை டன் எடை வரும். இது இந்தத் தம்பியின் ஷெட்டுக்கு வந்த அளவு. உங்கள் மண்ணைப் பார்த்து உங்கள் ஊர் எஞ்சினியர் சொல்லும் அளவுதான் உங்களுக்கு.

அடியில் செய்ய வேண்டியதில் குறுக்கு வழி கிடையாது. களியை எடுத்துவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் மெஷின் வைத்துக் குத்த வேண்டும். தண்ணீர் விட்டால் மணல் ஓரளவு அமரும். களி அமராது, குழையும். அதன்மேல் மூன்று அங்குலம் பிசிசி, அதாவது கம்பியில்லாக் கான்கிரீட், அதற்கு மேல் கனமான பாலித்தீன் விரிப்பு, பிறகுதான் கம்பி.

"கம்பி கட்டிட்டா கவலையே இல்ல"

கம்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது செய்யும் வேலை வேறு. லிப்டின் இழுப்பில் பலகை தோணி மாதிரி வளையப் பார்க்கும்: இரண்டு நுனியும் மேலே, நடு வயிறு கீழே. அந்த வயிறு விரியாமல் பிடிப்பதற்குத்தான் கம்பி, ஆகவே அது பலகையின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும். ஆனால் போல்ட்டைப் பிடித்திருப்பது கான்கிரீட். கம்பி இருக்கிறது என்பதற்காகக் கனத்தைக் குறைக்க முடியாது.

அடிப்பகுதி என்றால் மண்ணில் படுத்துக் கிடப்பதும் அல்ல. கம்பியைத் தரையில் விரித்துவிட்டு, கலவை ஊற்றும்போது கொக்கியால் தூக்கிவிடும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. தூக்கியது, ஆள் மிதித்ததும் கீழே போய்விடும். கம்பிக்கு அடியில் 50 மி.மீ. கவர் பிளாக் வைத்துத்தான் கட்ட வேண்டும். இந்த 50 மி.மீ. ஏன் என்பது அடுத்த நம்பிக்கையில் இருக்கிறது.

"உப்புத் தண்ணியில போட்டா இன்னும் கெட்டியாத்தான் ஆகும்"

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்து. உப்பு கலந்த கலவை சீக்கிரம் இறுகும், முதல் சில நாட்களில் பலமும் கூடுதலாகத் தெரியும். மேஸ்திரி கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அவர் பார்க்காதது உள்ளே நடப்பதை.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். அப்புறம் துரு. துருவின் பருமன் அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு. இடம் போதாமல் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடலோரக் குடியிருப்புகளில் கூரைக் காரை பெயர்ந்து, செம்பழுப்புக் கம்பி எலும்பு மாதிரித் தெரியும் வீடுகளைப் பார்க்காதவர் உண்டா? காரைக்குடி சிக்ரி நிறுவனம் மண்டபத்தில் தனி நிலையமே வைத்துக் கடலோர அரிப்பை ஆராய்ந்துவருகிறது. அந்த அளவுக்குத் தீவிரமான எதிரி இது.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. கடல்நீரில் அது ஏறக்குறைய 19,000. ஏரித் தண்ணீர் மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தால் நீர்த்துப்போகும். கோடையில் முகத்துவாரம் அடைபட்டு வெயில் ஏறினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கைபம்புத் தண்ணீரும் அதற்குத் தக்கபடி மாறும். ஆகவே கலக்கவும் சரி, கியூரிங் செய்யவும் சரி, குடிக்கிற தண்ணீர்தான். ஏரிமணல் வேண்டவே வேண்டாம். கழுவிய எம்சாண்ட் போதும்.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லிப்ட் செய்பவர் கேட்கும் 21 மெகாபாஸ்கலுக்கு எம்-25 ரகக் கான்கிரீட் போதும் என்று தோன்றும். லிப்டுக்குப் போதும், இந்த மண்ணுக்குப் போதாது. கடலோரக் காற்றுக்கு எம்-30, உப்புள்ள நிலத்தடி நீரில் புதைவதற்கு எம்-35 என்பது அதே தர நிர்ணயத்தின் கணக்கு. பின்னதில் கனமீட்டருக்குக் குறைந்தது 340 கிலோ சிமெண்ட், 50 மி.மீ. கவர். நம் பலகைக்கு 13 மூட்டை வரும். கூடைக் கணக்கில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று கொட்டினால் எம்-20தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் எடை போட்டுக் கலக்கும் டிசைன் மிக்ஸ் தேவை. உப்பைத் தடுப்பதில் கசடு சேர்ந்த சிமெண்ட், அதாவது ஸ்லாக் சிமெண்ட், வெறும் சிமெண்டைவிடக் கெட்டிக்காரன்.

உப்பு கீழிருந்து மட்டும் வருவதில்லை. இந்த ஷெட்டுக்கு வருவது மீன் வண்டி. ஐஸ் உருகிய உப்புநீர் பின்கதவு இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும், சரியாக போல்ட் தலைமேல். மினுமினுப்பான சாதாரண முலாம் போல்ட் இங்கே சீக்கிரம் பழுத்துவிடும். துருப்பிடிக்காத எஃகு அல்லது சூடான துத்தநாகத்தில் தோய்த்தது வாங்குங்கள். லிப்ட் கம்பெனி அந்த வகையை ஏற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டி போனதும் நல்ல தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவுவது அதைவிட மலிவான பாதுகாப்பு.

"கொஞ்சம் தண்ணி கூட ஊத்துனாத்தான் பரவும்"

பரவும், பலம் போகும். எம்-35க்குச் சிமெண்ட் எடையில் 0.45 பங்குதான் தண்ணீர். 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், அதுவும் மணலில் இருக்கும் ஈரத்தைச் சேர்த்து. பரவ வேண்டுமென்றால் அதற்கான அட்மிக்சரும் வைப்ரேட்டரும் இருக்கின்றன.

ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்துவிடும் என்பது ஏறக்குறைய சரி. மிச்சத்துக்காகத்தான் போல்ட் அடிக்கும் முன் 28 நாள் காத்திருப்பது. பச்சைக் கான்கிரீட்டில், விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் துளைக்குள்ளேயே நொறுங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்லாக் சிமெண்டுக்கு இந்த வெயிலிலும் காற்றிலும் 14 நாளாவது ஈரச்சாக்கு வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி, "இவ்வளவு செலவாண்ணே?" என்றார். நியாயமான கேள்வி. ஆயில் மாற்றவும் சைலன்சர் பார்க்கவும் மட்டும்தான் என்றால் நாலு தூண் லிப்ட் இந்தக் கரைக்கு நல்லது. அதில் வண்டி தண்டவாளம் மாதிரி இரண்டு பாதையில் நிற்கிறது. எடை பெரும்பாலும் நேராகக் கீழே போகிறது. போல்ட்டைப் பிடுங்கும் வேலை குறைவு. அதற்கும் நல்ல தரை வேண்டும், ஆனால் இந்தளவு இல்லை. தம்பிக்குச் சக்கரம் தொங்க வேண்டிய வேலைதான் அதிகம்: பிரேக், பட்டை, ஷாக்கப்சார்பர். அதனால் இரட்டைத் தூணிலேயே நின்றார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

பொங்கல் கழித்து, நிலத்தடி நீர் இறங்கிய தை மாதத்தில் தோண்டினார்கள். குழியில் ஈரம் கசிந்தது, தண்ணீர் நிற்கவில்லை. கலவைக்கு ஊர்க் குடிநீர் லாரியில் வந்தது. மேஸ்திரியே இருபத்திரண்டரை லிட்டருக்கு வாளியில் கோடு போட்டு வைத்திருந்தார். சாக்கை நனைக்கிற வேலையைத் தம்பியின் அம்மா எடுத்துக்கொண்டார். காலையில் கோலம் போட்ட கையோடு இரண்டு குடம், மத்தியானம் இரண்டு, விளக்கு வைப்பதற்கு முன் இரண்டு.

மாசி நடுவில் துளை போட்டோம், தூணுக்கு ஐந்தாகப் பத்து. ஒவ்வொன்றையும் ஊதித் தூசி எடுத்துவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தார் தம்பி. பத்திலும் அடிவரை வந்தது உலர்ந்த சாம்பல் தூள்தான்.