உழவர் கொண்டு வந்த உறையாத இரத்தம்

ஆராய்ச்சி என்பது சோதனைச் சாலையில் மட்டுமே பிறப்பதன்று. உழவரின் தொழுவத்திலும் பிறக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும்.

1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில் பல மாடுகள், சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் இறந்தன. ஸ்வீட் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனத்தை உலர்த்திச் சேமிக்கும்போது பூசணம் பிடித்துக் கெடுவதே காரணம் எனக் கால்நடை மருத்துவர்கள் கண்டனர். ஆனால், அதிலுள்ள நஞ்சு எதுவென்று தெரியவில்லை.

1933 பிப்ரவரியில் உழவர் ஒருவர், பனிப்புயலையும் பொருட்படுத்தாமல், இறந்த கிடேரி, பால் கேனில் உறையாத இரத்தம், கெட்ட தீவனம் ஆகியவற்றுடன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கு உயிர்வேதியியல் அறிஞர் கார்ல் பால் லிங்க் குழுவினர் இதனை ஆராய்ந்து, 1939இல் அந்நஞ்சைப் பிரித்தெடுத்தனர். டைகுமரால் எனப்படும் அது, இரத்தம் உறைய உதவும் வைட்டமின் 'கே'யின் செயலைத் தடுக்கிறது.

இவ்வாராய்ச்சியின் பயனாக உருவான வார்ஃபரின், 1948இல் எலிக்கொல்லியாகவும், 1954இல் மனிதருக்கு மருந்தாகவும் வந்தது. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோருக்கு, இரத்தம் கட்டாமலிருக்க மருத்துவர்கள் இதனை இன்றும் கொடுக்கின்றனர். மாட்டைக் கொன்ற நஞ்சின் வழிவந்த பொருள், அளவறிந்து கொடுக்கும்போது மனிதரைக் காக்கிறது!

தீவனத்தை நன்கு உலர்த்தி, நனையாமல் சேமியுங்கள். பூசணம் பிடித்ததை மாடுகளுக்குப் போடாதீர்கள். மாடு திடீரென இறந்தால் அடைப்பான் நோயாகவும் இருக்கலாம். உடலை அறுக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அது தின்ற தீவனத்தையும் அவரிடம் காட்டுங்கள்.