நோட்டீஸ் அடிக்கும் முன்



சென்ற பெருநாளுக்கு முந்தைய வாரம் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு வாலிபர் வந்தார். கையில் வக்கீல் நோட்டீஸ். மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. அந்தக் கடைக்கு நம் வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்தும் பணம் போயிருக்கிறது. அவருக்கு வந்தது நமக்கும் வந்தது போலத்தான்.

அவர் செய்தது இதுதான். இரண்டாயிரம் துண்டு நோட்டீஸ் அடித்து, பேப்பரோடு வைத்து வீடுவீடாகப் போட்டிருக்கிறார். அதையே போனில் ஸ்டேட்டஸாகவும் வைத்திருக்கிறார். அதில் மூன்று வரிகள்: பஜாரில் விற்கும் மற்ற செக்கு எண்ணெய்களில் கலப்படம் இருக்கிறது, எங்களுடையது மட்டுமே சுத்தம், எங்கள் எண்ணெயில் 40 நாளில் சர்க்கரை நோய் குணமாகும், குணமாகாவிட்டால் பணம் வாபஸ். முதல் வரிக்காக அதே தெருவில் உள்ள இன்னொரு செக்குக்காரர் வக்கீல் வைத்துவிட்டார். மன்னிப்பு வேண்டும், நஷ்டஈடாக மூன்று லட்சம் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"யார் பேரையும் நான் போடலையே மாமா?" என்றார் வாலிபர். நம்மில் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெயர் போடாவிட்டாலும் பொறுப்பு வரும் என்பதற்கு நம் வீட்டுத் துணிகளிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. உஜாலா சொட்டு நீலத்தை அறியாதவர் யார்? அதன் விளம்பரம் ஒன்றில் பழைய வகை நீலத்தைக் காட்டி, அது துணியில் திட்டுத்திட்டாகப் படியும், செலவும் கூடும் என்ற பொருளில் பேசினார்கள். ராபின் என்ற பெயர் அதில் வரவில்லை. ஆனால் காட்டிய டப்பாவின் வடிவமும் சொன்ன விலையும் ராபின் நீலத்தையே சுட்டின. ராபின் நீலம் தயாரித்த ரெக்கிட் அண்ட் கோல்மன் கம்பெனி வழக்குப் போட்டது. 1999இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட கோட்பாட்டை இன்றும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுகின்றன. வியாபாரி தன் சரக்கு உலகத்திலேயே சிறந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மை இல்லாவிட்டாலும் கூட. அடுத்தவர் சரக்கைவிடத் தன்னுடையது மேல் என்றும் சொல்லலாம், ஒப்பிட்டும் காட்டலாம். அடுத்தவர் சரக்கு மோசம் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அது அவதூறு. தடை உத்தரவும் வரும், நஷ்டஈடும் வரும்.

உண்மை இல்லாவிட்டாலும் தன் சரக்கைப் புகழலாம் என்று சட்டம் விட்டுக்கொடுத்திருப்பது நமக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. அது வேறு விஷயம். நம் வாலிபரின் கதைக்கு வருவோம். நம் பஜாரில் செக்கு வைத்திருப்பவர்கள் அவரைத் தவிர இரண்டே பேர். 'மற்ற செக்கு எண்ணெய்கள்' என்றால் அது யார் என்று பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்திருப்பவரும் சொல்லிவிடுவார்.

கலப்படம் நிஜமாகவே இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கு நோட்டீஸ் வழியல்ல. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். வாங்கியவரே கட்டணம் கட்டி மாதிரியைப் பரிசோதிக்கவும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வாலிபரிடம் எந்தப் பரிசோதனை அறிக்கையும் இல்லை. யாரோ சொன்னார்கள் என்றார்.

'பணம் வாபஸ்' வரியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. எல்லாரும் போடுகிறார்கள், நானும் போட்டேன் என்றார். இதற்கு நூறு வருஷத்துக்கு மேல் பழைய இங்கிலாந்து வழக்கு ஒன்று உண்டு. சட்டக் கல்லூரியில் முதல் வருடமே படிப்பார்கள். கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற கம்பெனி, தங்கள் மருந்துருண்டையைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவதாக 1891இல் விளம்பரம் செய்தது. அதற்காக 1000 பவுண்டு பேங்கில் போட்டிருப்பதாகவும் எழுதியது. கார்லில் என்ற அம்மையார் தினம் மூன்று வேளை, இரண்டு மாதத்துக்கு நெருக்கமாகப் பயன்படுத்தினார். காய்ச்சல் வந்துவிட்டது. பணம் கேட்டபோது, அது வெறும் வியாபாரப் பேச்சு என்று கம்பெனி வாதாடியது. பேங்கில் பணம் போட்டிருப்பதாக எழுதியவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்று எப்படி ஏற்பது என்று கேட்டு, நீதிமன்றம் அந்த அம்மையாருக்குப் பணம் கொடுக்க வைத்தது. 'தரமான எண்ணெய்' என்பது பேச்சு. '40 நாள், இல்லையென்றால் பணம் வாபஸ்' என்பது வாக்கு. அந்த இரண்டும் ஒன்றல்ல.

இதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது நமக்குத் தெரியாத ஒன்று நடந்திருந்தது. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி அந்த நோட்டீஸை நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயைக் குடித்திருக்கிறார். மூன்றாவது வாரம் மயங்கி விழுந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாம் பார்க்கப் போனபோது அவர் மகன் மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே மாத்திரை இல்லை. மடித்து வைத்த நோட்டீஸ்தான் இருந்தது.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. உணவைப் பற்றிய தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் வரை அபராதம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், ஏமாற்றும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் வரை, திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை விதிக்கலாம். அந்தச் சட்டத்தில் விளம்பரம் என்பதற்குக் கொடுத்திருக்கும் பொருளை வாசித்தால் வியப்பாக இருக்கும். நோட்டீஸ், லேபிள், பொட்டலத் தாள், பில் எல்லாமே அதில் வருகின்றன. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் போன் ஸ்டேட்டஸும் தப்ப முடியாது.

பொருளைப் பரிந்துரைத்துப் பேசுபவருக்கும் இதே அபராதம் உண்டு. சொல்வது உண்மைதானா என்று முன்கூட்டியே உரிய முறையில் விசாரித்திருந்தால்தான் தப்பலாம். கடை திறப்பு விழாவில் வீடியோவுக்கு முன் நின்று 'நம்பி வாங்குங்கள்' என்று சொல்லும் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஹஜ்ரத்மார்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பொடி எழுத்து நிபந்தனைகளும் இனி உதவாது. மேலே தமிழில் சலுகை, கீழே கண்ணுக்குத் தெரியாத ஆங்கிலத்தில் நிபந்தனை என்று போடுவதை 2022 ஜூன் மாத வழிகாட்டு விதிகள் தடுக்கின்றன. சலுகை எந்த மொழியிலோ நிபந்தனையும் அந்த மொழியில், வாசிக்கும்படி இருக்க வேண்டும். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். மத்ரஸாவில் நாம் சின்ன வயதிலேயே படித்த ஹதீஸ்தான்.

வாலிபரையும் எதிர்க் கடைக்காரரையும் டிரஸ்ட் அலுவலகத்தில் ஒன்றாக உட்கார வைத்தோம். முதல் நாள் சத்தம்தான் அதிகம். இரண்டாம் நாள் ஒரு முடிவு வந்தது. அதே அளவில், அதே இரண்டாயிரம் பிரதி மறுப்பு நோட்டீஸ் அடித்து, அதே தெருக்களில் போட வேண்டும். எதிர்க் கடைக்காரர் மூன்று லட்சத்தை விட்டுக்கொடுத்தார். மூதாட்டியின் ஆஸ்பத்திரிச் செலவை வாலிபர் மாதத் தவணையில் கொடுத்து வருகிறார். அவர் மகன் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் நாம் தடுத்திருக்க மாட்டோம். மூதாட்டி மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் இடது கண் பார்வை முன்பு போல் இல்லை என்கிறார்.

பெருநாள் வியாபாரத்துக்கு நோட்டீஸ் அடிக்க இருப்பவர்கள், அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அதை நம் அலுவலகத்தில் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை நம் வக்கீல் இருப்பார். கட்டணம் இல்லை. எழுதியதன் இரண்டு பிரதிகளும், குணம், தரம், எடை பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கான ஆதாரமும் கொண்டு வரவும்.