மதிப்பெண் இல்லாத வாசிப்பு

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் பாடப் புத்தகம் தவிர எதையும் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: கடலூரில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்த அந்தச் சிறுவனுக்குப் பரீட்சை இல்லை. சுற்றிலும் புத்தகங்கள் இருந்தன, அவற்றைப் பற்றிச் சளைக்காமல் பேசும் பெரியவர்கள் இருந்தார்கள். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பிற்பாடு அவருக்குக் கிடைத்தது.

பதின்வயதுப் பிள்ளைக்குத் தேவை அந்தப் பேச்சுத்துணைதான்.

தினமும் இத்தனை பக்கம் என்று கெடு வைப்பது வாசிப்பையும் வீட்டுப்பாடமாக்கிவிடும். கிரிக்கெட்டோ, பேய்க்கதையோ, காமிக்ஸோ, அவனே தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்காததைப் பாதியில் மூடிவைக்கவும் விட வேண்டும். ஆசிரியராகவும் இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக், வாசகரின் பத்து உரிமைகளில் ஒன்றாகவே இதைச் சேர்த்திருக்கிறார்.

சிறுகதையில் தொடங்கலாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஒரே மூச்சில் படிக்கக்கூடியது, சிரிக்கவும் வைக்கும். அம்மாவும் அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் பேசட்டும். கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது கையில் பணத்தைக் கொடுத்து, அவனைத் தனியே சுற்றவிடலாம்.