வண்டிக்கு எக்ஸ்ட்ரா லைட்டா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

தோட்டத்துக்கும் எஸ்டேட்டுக்கும் ராத்திரியில பிக்கப் ஓட்டுற தம்பி தங்கச்சிகளுக்குத்தான் இது. கடையில போய் நின்னு "இருக்கிறதிலேயே பவரானதைக் கொடுங்க"ன்னு கேட்காதே. எந்தப் பாதையில ஓட்டுறேன்னு முதல்ல யோசி.

1. நேரான மண் பாதைக்கு ஸ்பாட் லைட் சரி, தூரத்துக்கு அடிக்கும். வளைவு அதிகமான எஸ்டேட் பாதையில அதையே மாட்டினா, வெளிச்சம் எதிர்ல இருக்கிற பள்ளத்துக்கு மேல போயிடும். நீ திரும்ப வேண்டிய பக்கம் இருட்டாவே கிடக்கும். அங்கே அகலமாப் பரவுற ஃப்ளட் லைட்தான் வேணும். ரெண்டு மாதிரிப் பாதையும் உண்டுன்னா காம்போ வாங்கு.

2. கேபின் கூரை மேல நீளமா லைட் பார் வைக்கிற ஆசையை விடு. வெளிச்சம் பானட்டுல பட்டு உன் கண்ணுக்கே திரும்பும். மூட்டமோ புழுதியோ இருந்தா இன்னும் மோசம். பம்பர் உயரத்துல, தாழ்வா மாட்டு. அதுக்காக பம்பருக்கு முன்னாடி மாட்டுற புல் பார் வாங்கிடாதே, அதை 2017-லேயே தடை பண்ணிட்டாங்க.

3. வோல்ட் பாரு. பிக்கப் 12 வோல்ட், பெரிய லாரி பெரும்பாலும் 24. லாரியில 12 வோல்ட் ஹாலஜன் பல்பைப் போட்டா உடனே போயிடும். எல்.ஈ.டி.யில 10–30 வோல்ட்னு போட்டிருந்தா ரெண்டுக்கும் ஆகும்.

4. ஒயரிங். இங்கேதான் எல்லாரும் சோம்பல் படுறீங்க! 100 வாட் ஹாலஜன் ரெண்டு போட்டா மொத்தம் 200 வாட், 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 17 ஆம்ப். ஹெட்லைட் ஒயர்லயே ஜாயின்ட் அடிச்சா ஒயர் சூடாகும், ஸ்விட்ச் உருகும். ரிலே போடு. பேட்டரியில இருந்து ஃப்யூஸ் வழியா ரிலேயோட 30-ம் நம்பர் பின்னுக்கு, 87-ல இருந்து லைட்டுக்கு, டேஷ்போர்டு ஸ்விட்ச் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். லைட்டுக்குப் பக்கத்துல வெச்சா நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாத்தாது. எர்த் கொடுக்கிற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டிட்டு போல்ட்டை முறுக்கு. லைட் மங்கலா எரியுதுன்னு வர்ற பல வண்டிகள்ல கோளாறு அந்த எர்த்துலதான். ஒயரிங்குக்கும் சேர்த்து பணம் எடுத்து வை, லைட் விலையை மட்டும் கணக்குப் போடாதே.

5. ஐ.பி. 67-க்குக் குறைஞ்சு வாங்காதே. தூசி புகாது, 1 மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். ஆனா பிரஷர் பம்பை நேரா லைட்டுல அடிக்காதே, அதைத் தாங்குமான்னு பார்க்கிறது வேற சோதனை.

6. கலர்: 5000 கெல்வின் பக்கத்துல இருந்தாப் போதும். நீலம் தட்டுற 6500 பார்க்கப் பளிச்சுன்னு இருக்கும், அவ்வளவுதான்.

7. சட்டத்தை மறந்துடாதே. மத்திய மோட்டார் வாகன விதி 111, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கிறதைத் தடுக்குது. விசேஷக் காரணம் இருந்தா, பதிவு அதிகாரியோட முன் அனுமதி வேணும். அதனால வாங்குறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடு. அனுமதி கிடைச்சாலும் ரோட்டுக்கு வந்ததும் அணைச்சு, மூடி போட்டு ஓட்டு. எஸ்டேட்டுக்குள்ளேயும் எதிர்ல வண்டி வந்தா உடனே அணைச்சிடு, டூவீலர்ல வர்றவருக்குப் பாதையோட ஓரம் தெரியணும்.