நூலைக் கண்டு நடுங்கிய காலம்

கேள்வி: புத்தகத்தைக் கண்டாலே காரணமின்றி அஞ்சுவோர் உண்டு என்கிறார்களே, மெய்தானா?

பதில்: மெய்யே. வகுப்பில் உரக்க வாசிக்கையில் தடுமாறி, சக மாணவர்களின் நகைப்புக்கு ஆளான சிறுவனொருவன், பிற்பாடு புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் உள்ளங்கை வியர்த்து, விரல் பட்ட இடமெல்லாம் தாள் நனைந்து சுருங்க நின்றதை நானே கண்டிருக்கிறேன். அவனைக் கடிந்துகொள்வது மகாபாவம். ஆனால் தனிமனிதரை மட்டுமன்றி ஒரு சமூகத்தையே இவ்வச்சம் பீடித்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நோய்க்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளே என்ற ஞானம் பரவத் தொடங்கிய வேளையில், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொது நூலகப் புத்தகங்களின் வழியே காசமும் அம்மையும் வீடு தேடி வரும் என்ற பீதி மூண்டது. பலர் கைபட்டு ஓரம் கறுத்த பக்கங்களைப் பெட்டிக்குள் விரித்து வைத்து, பார்மலின் என்னும் கிருமிநாசினியின் ஆவியால் சுத்தம் செய்தார்கள். நோயாளியின் வீட்டிலிருந்து திரும்பியவற்றைத் தீயிலிட்டதும் உண்டு. தொற்றுநோய் கண்டவர் நூலகத்திலிருந்து புத்தகம் எடுக்கலாகாது என்று 1907-ல் பிரிட்டனில் சட்டமே பிறந்தது. ஏழைத் தொழிலாளியும் சீமானும் ஒரே பிரதியைப் புரட்டுவதைச் சகியாத மனோபாவமும் அப்பீதிக்குள் கலந்திருந்தது என்பதே என் அபிப்பிராயம். அன்றாடம் அப்புத்தகங்களை எடுத்து அடுக்கிய நூலக ஊழியரிடையே அந்நோய்கள் மிகுந்து காணப்படாததால், காலப்போக்கில் அந்த அச்சம் தானாகவே தணிந்தது. எரிந்தவை மட்டும் மீளவில்லை.